பொத்தானை அழுத்தாதவர்கள்

2022 டிசம்பரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் சில படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. ஒன்றில் ஒரு பெண் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கிறார். இன்னொன்றில் எட்டு ஒன்பது வயதுச் சிறுவன் தரையில் குப்புறப் படுத்தபடி கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். படமெடுத்தது வீடு பெருக்கும் இயந்திரம். ஐரோபாட் நிறுவனம் தன் 'ரூம்பா' வரிசையில் புதிய மாதிரி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, 2020இல், சோதனைக்காகச் சில வீடுகளில் ஓடவிட்ட கருவிகள் எடுத்த படங்கள் இவை. எது நாற்காலி, எது நாய், எது மனிதக் கால் என்று இயந்திரத்துக்குக் கற்றுத்தர வேண்டுமென்றால் முதலில் யாராவது மனிதர் உட்கார்ந்து படத்தில் குறித்துத் தரவேண்டும். அந்த வேலை ஸ்கேல் ஏஐ என்ற நிறுவனம் வழியாக வெனிசுலாவில் துண்டுக்கூலிக்கு வேலை பார்ப்பவர்களிடம் போனது. அவர்களில் சிலர் படங்களைச் சமூக வலைத்தளக் குழுக்களில் போட்டுவிட்டார்கள்.

ஐரோபாட் சொன்ன பதில்தான் இங்கே முக்கியம். இவை கடையில் விற்கும் கருவிகள் அல்ல, சோதனைக்கென மாற்றியமைத்தவை. காசு வாங்கிக்கொண்டு வீட்டில் ஓடவிட்டவர்கள் எழுத்துபூர்வமாக ஒப்புதல் தந்திருக்கிறார்கள். பிறர் பார்க்கக்கூடாதது எதுவோ, குழந்தைகள் உட்பட, அதைக் கருவியின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றது நிறுவனம். சட்டப்படி ஒழுங்கான பதில். ஆனால் கையெழுத்துப் போட்டவர் வீட்டில் ஒருவர். அந்தச் சிறுவன் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அன்று அந்த வீட்டுக்கு வந்துபோன விருந்தாளியோ, வேலைக்கு வந்தவரோ, யாரும் போடவில்லை.

புதிய நுகர்வுத் தொழில்நுட்பங்களும் தனியுரிமையும் என்று பேச்செடுத்தால், அது பெரும்பாலும் வாங்குபவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்காகவே முடிந்துவிடுகிறது. இலவசமாகச் செயலி கிடைத்தது, பதிலுக்குத் தகவலைக் கொடுத்தோம். இந்தப் பேரம் நியாயமானதா என்பதே கேள்வியாகிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வீட்டுக்குள்ளும் வாசலிலும் காரிலும் மூக்குக்கண்ணாடியிலும் வந்து உட்கார்ந்த கருவிகளை வரிசையாகப் பார்த்தால், இந்தக் கணக்கில் ஒரு பெரிய தரப்பே விடுபட்டிருப்பது தெரிகிறது. கருவியை வாங்காதவர்கள், 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தாதவர்கள், ஆனாலும் அதன் பார்வையில் வாழ்பவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், தனியுரிமை பற்றிய நவீனச் சிந்தனை தொடங்கியதே இந்தத் தரப்பிலிருந்துதான். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை படமெடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குப் போய் அசையாமல் உட்கார வேண்டும். படத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் படமெடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். கையடக்கக் கேமரா அந்த நிலைமையை ஒரே வீச்சில் மாற்றியது. இரண்டே ஆண்டில், 1890இல், சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரு பாஸ்டன் வழக்கறிஞர்கள் ஹார்வர்ட் லா ரிவ்யூவில் தனியுரிமைக்கான உரிமை பற்றிக் கட்டுரை எழுதினார்கள். உடனடிப் புகைப்படங்களும் செய்தித்தாள்களும் மனிதரின் வீட்டு வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்டன என்பது அவர்களது புகார். அவர்கள் பேசியது கேமரா வாங்கியவருக்காக அல்ல, கேமராவில் விழுந்தவருக்காக.

சட்டம் உடனே அவர்கள் பக்கம் சாய்ந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் அபிகெயில் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை அவரைக் கேட்காமலே கோதுமை மாவு விளம்பரத்தில் போட்டு, 25,000 பிரதிகள் அடித்து ஒட்டினார்கள். வழக்குப் போட்டார், 1902இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியொரு உரிமையே சட்டத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஊரெல்லாம் கொதித்தெழுந்ததில் மறு ஆண்டே சட்டமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவரது படத்தையோ பெயரையோ வியாபாரத்துக்குப் பயன்படுத்த அவரது எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்றாயிற்று. கவனியுங்கள், ஒப்புதல் கேட்கப்பட்டது படத்தில் இருப்பவரிடம்.

கணினிக் காலத்தில் இது தலைகீழானது. ஒப்புதல் கேட்கப்படுவது கருவியை வாங்குபவரிடம், அதுவும் அவர் பெட்டியைப் பிரித்துக் கருவியை மாட்டி முடித்து ஆவலோடு காத்திருக்கும் நேரத்தில். அந்த ஒப்புதலுக்கே எவ்வளவு மதிப்பு என்பது தனிக் கதை. 2008இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், ஓர் அமெரிக்கர் தான் போகும் இணையதளங்களின் தனியுரிமைக் கொள்கைகளையெல்லாம் படித்தால் ஆண்டுக்குச் சுமார் 244 மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அப்போது தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தனியுரிமைக் கொள்கை கிடையாது.

இப்போது உண்டு. பெரிய திரைத் தொலைக்காட்சி இத்தனை மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். திரையில் ஓடுவதன் சிறு மாதிரிகளை அவ்வப்போது எடுத்து, ஒரு பெரிய தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இந்நேரம் இன்ன படம், இன்ன விளம்பரம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் இருக்கிறது. விஸியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் பார்ப்பவருக்குச் சரியாகத் தெரிவிக்காமலே இதைச் செய்ததாக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 2017இல் 22 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. பிற்காலத்தில் அதே நிறுவனத்துக்கு டிவி விற்றதில் வந்ததைவிட விளம்பரத்திலும் தகவலிலும் வந்த லாபமே அதிகம். 2024 டிசம்பரில் வால்மார்ட் அதை 230 கோடி டாலருக்கு வாங்கியது. சில்லறை வணிகத்தின் ராட்சசன் டிவி கம்பெனி வாங்கியது டிவி செய்யவேண்டும் என்ற ஆசையால் என்று நினைத்தால் நாம் அப்பாவிகள். 2024இல் பிரிட்டன், ஸ்பெயின், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த சோதனையில், டிவியை வெறும் திரையாக மட்டும் பயன்படுத்தி மடிக்கணினியை ஒயர் வழியே இணைத்தபோதும் சாம்சங், எல்ஜி டிவிகள் இந்த அடையாளம் காணும் வேலையை நிறுத்தவில்லை என்று தெரிந்தது. அமைப்புகளுக்குள் போய் அணைத்தால் நின்றது. 2025 டிசம்பரில் டெக்சஸ் மாநிலம் ஐந்து டிவி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. அரை விநாடிக்கு ஒருமுறை திரையைப் படம்பிடிக்கிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு.

டிவி கூடத்தில் இருக்கும் பொருள். பாட்டி சீரியல் பார்ப்பாள், பிள்ளைகள் கார்ட்டூன், வந்திருக்கும் சித்தப்பா செய்தி. ரிமோட்டில் 'சரி' அழுத்தியவர் இவர்களில் யாரோ ஒருவர், அல்லது டிவியை மாட்ட வந்த கடைப்பையன். சேரும் தகவலோ வீடு மொத்தத்துக்கும்.

பேச்சைக் கேட்கும் கருவிகளில் இது இன்னும் கூர்மையாகிறது. அமேசான் எக்கோ 2014இல் அமெரிக்காவிலும் 2017இல் இந்தியாவிலும் வந்தது. 'அலெக்ஸா' என்று கூப்பிட்டால் மட்டுமே விழிக்கும் என்பது வாக்குறுதி. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் கூப்பிட்ட மாதிரி காதில் விழுந்தாலும் விழித்துக்கொள்ளும். 2019 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் வெளியிட்ட செய்தி, பாஸ்டன், கோஸ்டாரிகா, இந்தியா, ருமேனியா ஆகிய இடங்களில் ஆட்கள் உட்கார்ந்து அலெக்ஸாவின் ஒலிப்பதிவுத் துணுக்குகளைக் கேட்டு எழுதுகிறார்கள் என்று சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் கார்டியன் பத்திரிகை, ஆப்பிளின் சிரி தவறுதலாக விழித்துக்கொண்டு பதிவுசெய்த மருத்துவர்–நோயாளி உரையாடல்களையும் படுக்கையறைச் சத்தங்களையும் ஒப்பந்த ஊழியர்கள் கேட்டதை எழுதியது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, விருப்பப்பட்டவர்களின் பதிவுகள் மட்டும் கேட்கப்படும் என்று மாற்றியது. தொடர்ந்த வழக்கை 2025இல், தவறை ஒப்புக்கொள்ளாமல், 9.5 கோடி டாலருக்கு முடித்தது. அமேசான் எதிர்த்திசையில் போனது. ஒலிப்பதிவை நிறுவனத்துக்கு அனுப்பாதே என்று சொல்லும் வசதி சில எக்கோக்களில் இருந்தது. செயற்கை நுண்ணறிவு கலந்த புதிய அலெக்ஸா வருவதையொட்டி 2025 மார்ச்சில் அதை எடுத்துவிட்டது.

இதைக் கூட்டுச் சதி என்று நான் படிக்கவில்லை. பேச்சைப் புரிந்துகொள்ளும் இயந்திரம் மேம்பட மனிதக் காது தேவைப்படுகிறது, அவ்வளவுதான். மறைத்ததுதான் பிழை. ஆனால் மறைக்காமல் சொல்லியிருந்தாலும் யாரிடம் சொல்லியிருப்பார்கள்? கணக்கு வைத்திருப்பவரிடம். சிரியின் பதிவில் சிக்கிய மருத்துவர் தன் கைபேசியின் நிபந்தனைகளைப் படித்திருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்த நோயாளிக்கு அந்தக் கைபேசியோடு என்ன சம்பந்தம்?

கார்களுக்கு வந்தால் இந்த முரண் கிட்டத்தட்ட நகைச்சுவையாகிவிடுகிறது. 2023 செப்டம்பரில் மொஸில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. பாலியல் நடவடிக்கை பற்றிய தகவலும் சேகரிக்கப்படலாம் என்று நிஸ்ஸானின் அமெரிக்கக் கொள்கையில் எழுதியிருந்தது. எதற்காக என்று கேட்கத் தோன்றும். வக்கீல்கள் எதையும் விட்டுவைக்க விரும்பவில்லை என்பதுதான் அநேகமாகப் பதில். அதைவிட என்னை நிறுத்தியது சுபாருவின் கொள்கை பற்றி மொஸில்லா சொன்னது. இணைய வசதியுள்ள சுபாருவில் பயணியாக ஏறி உட்கார்ந்தாலே நீங்களும் ஒப்புதல் கொடுத்தவராகிறீர்கள். 'லிஃப்ட்' கேட்டு ஏறியவர் கதவைச் சாத்தும்போதே ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிடுகிறது.

2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் இதன் விலையைக் காட்டியது. செவர்லே போல்ட் வைத்திருந்த ஒருவரின் காப்பீட்டுத் தொகை ஒரேயடியாக 21 விழுக்காடு உயர்ந்தது. காரணம் தேடியவர், லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தகவல் தரகு நிறுவனத்திடம் தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கினார். அதில் 130 பக்கங்களுக்குமேல், அவரும் அவர் மனைவியும் ஆறு மாதங்களில் அந்தக் காரை எடுத்த ஒவ்வொரு முறையும் எப்போது கிளம்பினார்கள், எவ்வளவு தூரம், எத்தனை முறை வேகம் கூடியது, எத்தனை முறை சடாரென்று பிரேக் போட்டார்கள் என்று இருந்தது. காரிலிருந்து நிறுவனத்துக்கு, அங்கிருந்து தரகருக்கு, அங்கிருந்து காப்பீட்டுக்காரருக்கு. சில சமயம் மூன்று விநாடிக்கு ஒருமுறை இருப்பிடம் பதிவானது என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் பின்னால் சொன்னது. இப்படிப்பட்ட அறிக்கை நிறுவனங்களுக்குத் தகவல் கொடுக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. தகவல் போவது கணவருக்கே தெரியாத இடத்தில், மனைவி பிரேக் போட்டதும் சேர்ந்தே விற்பனையானது.

மரபணுச் சோதனை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அது தன்னளவிலேயே தெளிவு. 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தில் திருடர்கள் உடைத்து நுழைந்த கணக்குகள் சுமார் 14,000. பறிபோன தகவல் 69 லட்சம் பேருடையது. உறவினரைக் கண்டுபிடித்துத் தரும் வசதியே கதவாகிவிட்டது. அந்த 69 லட்சம் பேராவது எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பியவர்கள். அனுப்பாத அண்ணன் தங்கைகளின் மரபணுவிலும் சராசரியாகப் பாதி அதில் இருக்கிறது. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போனபோது, தகவலை அழிக்கச் சொல்லி விண்ணப்பிக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இருந்தது, அவர் தங்கைக்கு இல்லை.

வாசலுக்கு வருவோம். ரிங் என்ற அழைப்புமணிக் கேமராவை அமேசான் 2018இல் வாங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் 2,000க்கும் மேற்பட்ட காவல்துறைப் பிரிவுகள் அதனோடு கைகோத்தன. ஒரு பகுதியில் குற்றம் நடந்தால் அங்குள்ள ரிங் வைத்திருப்போரிடம் செயலி வழியே காவல்துறை காட்சிகளைக் கேட்டுவாங்கும் வசதி 2024 ஜனவரி வரை இருந்தது. உரிமையாளர் கொடுக்கலாம், மறுக்கலாம். தெருவில் நடந்துபோனவரைக் கேட்கும் வழி எதுவும் இல்லை. நிறுவனத்துக்குள்ளேயே என்ன நடந்தது என்பது 2023இல் வெளிவந்தது. 2017இல் ஓர் ஊழியர் குறைந்தது 81 பெண்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்திருக்கிறார், அவற்றில் படுக்கையறைக் காட்சிகளும் உண்டு என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்ட, ரிங் 58 லட்சம் டாலர் கட்டியது.

இத்தகைய வாசல் கேமராவில்தான் ஐரோப்பிய நீதிமன்றங்கள் விடுபட்ட தரப்பை அடையாளம் கண்டன. செக் குடியரசில் ஒருவர் வீட்டு ஜன்னல் பலமுறை உடைக்கப்பட்டதால், கூரைக்கடியில் கேமரா மாட்டினார். உடைத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் பதிவில் சிக்கினார்கள். அவர்களில் ஒருவர், பொதுத் தெருவில் போன என்னை எந்த உரிமையில் பதிவுசெய்தாய் என்று கேட்க, வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தகவல் வைத்திருப்பவருக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கு ஐரோப்பாவில் உண்டு. கேமராவின் பார்வை வேலி தாண்டித் தெருவில் விழுந்தால் அந்த விலக்கு கிடையாது என்று 2014 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கேமரா வைக்கக்கூடாது என்றல்ல; வைத்தவர் மற்றவருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அதன் சாரம். கேட்டவர் ஜன்னல் உடைத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர் என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. உரிமை என்றால் நல்லவருக்கு மட்டுமானது அல்லவே.

2021இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் கவுண்டி நீதிமன்றம் இதையே இன்னும் நுணுக்கமாக்கியது. அண்டைவீட்டார் மாட்டிய ரிங் கருவிகள் தன் நடமாட்டத்தையும் பேச்சையும் பதிவுசெய்கின்றன என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். மாட்டியவர் சொன்ன காரணம் திருட்டு பயம், அதுவும் உண்மைதான். படத்தைவிட ஒலிதான் மோசம் என்று நீதிபதி கண்டார். 40 அடிக்கும் அப்பால் பேசுவதையெல்லாம் பதிவுசெய்வதற்குத் திருட்டு பயம் நியாயமாகாது. திருடனைப் பிடிக்க அவ்வளவு தேவையில்லை. எதற்காக வைத்தாயோ அந்தத் தேவைக்கு மிஞ்சிப் பதிவுசெய்யாதே என்ற இந்த அளவுகோல், நூறு பக்க ஒப்புதல் படிவத்தைவிடப் பயனுள்ளது.

மூக்குக்கண்ணாடியில் விஷயம் வேலி, சுவர் எதுவும் இல்லாத இடத்துக்கு வந்துவிடுகிறது. 2013இல் 1,500 டாலருக்கு வந்த கூகுள் கிளாஸை வீழ்த்தியது சட்டமல்ல, முகச்சுளிப்பு. சியாட்டிலில் ஒரு மதுக்கூடம் அதை அணிந்து உள்ளே வரக்கூடாது என்று பலகை வைத்தது. அணிந்தவர்களுக்குக் கெட்ட பட்டப்பெயர் வந்தது. 2015 ஜனவரியில் விற்பனை நின்றது. மெட்டா பாடம் கற்றுக்கொண்டது, ஆனால் வேறு பாடத்தை. கிளாஸ் கிளாஸாகத் தெரிந்ததுதான் பிரச்சினை என்று அது முடிவுகட்டியிருக்க வேண்டும். ரே-பேனோடு சேர்ந்து அது செய்யும் கண்ணாடி சாதாரணக் கூலிங்கிளாஸ் போலவே இருக்கிறது. 2025 மே மாதம் இந்தியாவுக்கும் வந்துவிட்டது, 29,900 ரூபாயிலிருந்து. பதிவாகும்போது கண்ணாடிச் சட்டகத்தின் ஓரத்தில் சிறு வெள்ளை விளக்கு எரியும். எதிரில் இருப்பவருக்கான ஒரே பாதுகாப்பு அதுதான். அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்து தரும் ஆள் ஒருவர் அமெரிக்காவில் 60 டாலருக்குக் கடை விரித்ததை 404 மீடியா என்ற செய்தித்தளம் 2025 அக்டோபரில் எழுதியது. அதற்கு ஓராண்டு முன்பு இரண்டு ஹார்வர்ட் மாணவர்கள் இந்தக் கண்ணாடியையும், எவரும் காசு கொடுத்துப் பயன்படுத்தும் முகத்தேடல் தளம் ஒன்றையும், மொழி மாதிரி ஒன்றையும் இணைத்து, ரயில் நிலையத்தில் எதிர்ப்பட்ட முன்பின் தெரியாதவரின் பெயரையும் விவரங்களையும் சற்று நேரத்தில் வரவழைத்துக் காட்டினார்கள். எச்சரிக்கைக்காகச் செய்தது என்று சொல்லி நிரலை வெளியிடவில்லை. ஆனால் தேவைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் ஏற்கெனவே சந்தையில் இருந்தது என்பதைத்தான் அவர்கள் நிரூபித்தார்கள்.

இத்தனைக்கும் இடையில் ஒரே ஒரு பொருள், வாங்காதவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தப்பட்டது. சாவிக்கொத்தில் மாட்டும் ஆப்பிளின் ஏர்டேக். 2021 ஏப்ரலில் 29 டாலருக்கு வந்தது. தொலைந்த சாவியைக் கண்டுபிடிக்கும் பொருளை, பிரிந்துபோன மனைவியின் கைப்பையில் போட்டுவிடவும் முடியும் என்பது வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. உரிமையாளரைப் பிரிந்த ஏர்டேக் மூன்று நாள் கழித்துச் சத்தம் போடும் என்றுதான் முதலில் வைத்திருந்தார்கள். விமர்சனம் எழ, 8 முதல் 24 மணி நேரத்துக்குள் என்று குறைத்தார்கள். ஐபோன் வைத்திருந்தால் 'உங்களோடு ஒரு ஏர்டேக் பயணிக்கிறது' என்று எச்சரிக்கை வரும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் கதி? அவர்களுக்கு 2021 டிசம்பரில் தனியாக ஒரு செயலி வந்தது, அதைத் தேடிப்போய் நிறுவிக்கொள்ள வேண்டும். கடைசியில் 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் பொதுத் தரநிலை ஒன்றைச் செயல்படுத்தின. யாருடைய கருவி, எந்தக் கைபேசி என்று பாராமல், தெரியாத கருவி ஒன்று கூடவே நகர்ந்தால் எச்சரிக்கை வரும். இரண்டு பரம எதிரிகள் சேர்ந்து, தங்கள் பொருளை வாங்காத ஒருவருக்காகக் கருவியின் அமைப்பையே மாற்றியிருக்கிறார்கள். செய்யவே முடியாது என்று மற்றவர்கள் சொல்வதை நம்பாமலிருக்க இது ஒன்று போதும். முழுமையான தீர்வு இல்லை. ஒலிபெருக்கியைப் பிடுங்கிய ஏர்டேக்குகள் இணையத்தில் விற்கப்பட்டன. ஆனால் திசை சரி.

இனி நம் பக்கம். 2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். ஐரோப்பாவைப் போலவே இங்கும், தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தகவலுக்குச் சட்டம் பொருந்தாது. ஐரோப்பிய நீதிமன்றம் போட்ட வேலி மட்டும் இங்கே சட்டத்தில் இல்லை.

அந்த வேலையை உரிமையியல் நீதிமன்றம் செய்ய வேண்டியிருக்கிறது. கொல்கத்தாவில் சகோதரர் இருவர் பகிர்ந்து வாழும் வீட்டில், ஒருவர் மற்றவரைக் கேட்காமல் குடியிருப்புப் பகுதிக்குள் சிசிடிவி மாட்டினார். சக குடியிருப்பாளரின் ஒப்புதலில்லாமல் அங்கே கேமரா இயங்குவது அவரது தனியுரிமையை மீறுவது என்று 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது; மே மாதம் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வழக்காட வசதியுள்ள அண்ணன் தம்பிக்குக் கிடைத்த நியாயம் இது.

வசதியில்லாதவர் நிலை வேறு. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள், ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களின் காட்சிகள், டெலிகிராமில் விற்பனைக்கு வந்தன. எவரும் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு இணையத்தில் இணைத்து வைத்திருந்த கேமராக்கள்தான் காரணம் என்று விசாரணை போனது. அந்த அறையில் கேமரா வைக்கலாமா என்று படுத்திருந்தவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று பிரச்சாரம் செய்து கடைக்காரரையும் குடியிருப்போரையும் கேமரா மாட்ட வைத்த நகரம் நம்முடையது. திருடன் பிடிபட்ட கதைகள் செய்தியாக வருகின்றன, வரத்தான் வேண்டும். ஆயிரக்கணக்கான அந்தச் சின்னப் பெட்டிகளில் எத்தனைக்குக் கடவுச்சொல் மாற்றப்பட்டது என்பது செய்தியாவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். தஞ்சாவூரிலோ காரைக்குடியிலோ பெற்றோர் தனியாக இருக்க, பிள்ளைகள் நியூஜெர்சியிலும் சிட்னியிலும் இருக்கும் வீடுகளில் கூடத்துக் கேமரா ஓர் அமைதி. அப்பா காபி டம்ளரோடு நடந்துபோவதைக் கைபேசியில் பார்த்துவிட்டு மகள் அலுவலகத்துக்குக் கிளம்புகிறாள். விழுந்தால் உணரும் கைக்கடிகாரம் உயிரைக் காப்பாற்றும். இவற்றை எதிர்த்து எழுதுவது எளிது, அந்த வீட்டில் இல்லாதவருக்கு. ஆனால் அம்மா மத்தியானம் கூடத்தில் தலை சாய்ப்பதை நிறுத்திவிட்டு உள்ளறைக்குப் போய்விடுகிறார் என்றால், அது அந்தக் கேமராவுக்கு அவர் கொடுக்கும் விலை. கேட்டால், 'அதனால என்னடா, இருந்துட்டுப் போகட்டும்' என்பார். இந்தக் கேமராக்களில் எத்தனையோ அன்பினால் மாட்டப்படுகின்றன. அணைக்கும் சுவிட்சு அம்மா கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலே பாதி பிரச்சினை தீரும். அந்தச் சுவிட்சு பெரும்பாலும் நியூஜெர்சியில் இருக்கிறது.

அதே வீட்டில் அம்மாவைக் கவனித்துக்கொள்ள வரும் பெண்ணுக்குத்தான் எந்தச் சுவிட்சும் இல்லை. கேமரா மாட்டப்பட்டதே சில சமயம் அவரைக் கண்காணிக்கத்தான். நகரத்து அடுக்ககங்களில் இன்னும் ஒரு படி மேலே. மைகேட் போன்ற வாசல் செயலிகள் வந்தபின் வீட்டுவேலை செய்பவர் எத்தனை மணிக்கு நுழைந்தார், எந்தெந்த வீட்டுக்குப் போகிறார், எந்த நாள் வரவில்லை என்பதெல்லாம் குடியிருப்போரின் கைபேசியில் தெரிகிறது. அவரது படமும் தொலைபேசி எண்ணும் அதில் உண்டு, அவருக்கு நட்சத்திர மதிப்பீடு தரவும் முடியும். செயலியைப் பதிவிறக்கியவர் வீட்டுக்காரர், தேர்ந்தெடுத்தது குடியிருப்போர் சங்கம். தினமும் அதில் பதிவாகிறவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். வீட்டுக்காரர்மேல் அவர் நட்சத்திரம் போட வழியில்லை.

சட்டம் இவருக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்தால், இரண்டு ஓட்டைகள் ஒன்றுசேரும் இடத்தில் நிற்கிறார். வீட்டுக்குள் மாட்டிய கேமரா என்றால், வீட்டுத் தேவை என்ற விலக்கை உரிமையாளர் காட்டலாம். இல்லை, இது வேலை கொடுப்பவர்–வேலை செய்பவர் உறவு என்று வாதிட்டால், வேலைவாய்ப்பு சம்பந்தமான காரணங்களுக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதல் இல்லாமலே தகவலைக் கையாளலாம் என்று அதே சட்டத்தின் ஏழாவது பிரிவு சொல்கிறது. செயலி நிறுவனத்தைக் கேள்வி கேட்கலாம். அதற்கு முதலில் தன் பெயரில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கென ஒரு சட்டம் தேவையா என்று ஆராயும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டிருக்கிறது. கூலி, விடுப்பு, பாதுகாப்பு என்று அதில் பேச எவ்வளவோ உண்டு. வேலை செய்யும் இடத்தில் கேமரா இருந்தால் முன்கூட்டிச் சொல்லவேண்டும், ஒலிப்பதிவு கூடாது, உடை மாற்றும் இடத்தில் கூடவே கூடாது, செயலியில் தன்னைப் பற்றி இருப்பதைப் பார்க்கவும் வேலையை விட்டபின் அழிக்கச் சொல்லவும் உரிமை வேண்டும் என்ற நாலு வரியையும் அதிலேயே எழுதிவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நீதிபதி அண்டைவீட்டுக்காரருக்குச் சொன்னதைவிட இதில் பெரிதாக ஒன்றுமில்லை.